கழற்றும் வரிசை

கையுறையின் உட்புறம் சூடாக இருந்தது.

இடது கையின் நான்கு விரல்களை நுழைத்தாகிவிட்டது, கட்டைவிரல் மட்டும் வெளியே நின்றது, அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறையைக் கிழித்தது அவள்தான், இந்த நிமிடம்தான். அதற்கு முன்பு அந்தக் கையுறை கிருமி நீக்கப்பட்டு, இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் ஒட்டப்பட்டு, இந்தக் குளிர் அறையின் எஃகு அலமாரியில் பல நாட்களாகக் கிடந்தது. எப்போதும் சில்லென்று இருக்கும். முதல் நொடியில் விரல் நுனி கூசும். இன்றைக்கு, வேறு யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டுப் போன செருப்பில் கால் வைத்ததுபோல ஒரு வெதுவெதுப்பு, அதுவும் விரல் விரலாக.

“என்னாச்சு? நின்னுட்டீங்க?”

சுவர் ஒலிபெருக்கியில் தேர்வாளரின் குரல். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், அட்டையில் செருகிய தாளும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். தலையுறைக்கு வெளியே ஒரே ஒரு முடி எட்டிப் பார்த்தாலும் இருபதடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தோற்றவர்களை உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து, எங்கே தவறினார்கள் என்று படம் வரைந்து காட்டுகிறவர். அவளுக்கு இரண்டு முறை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

சந்தேகம் வந்தால் கையை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் தேர்வு அந்த இடத்திலேயே நிற்கும். நின்ற தேர்வும் தோற்ற தேர்வும் பதிவேட்டில் ஒன்றுதான்.

“ஒண்ணுமில்ல சார்” என்றாள்.

கட்டைவிரலையும் உள்ளே நுழைத்தாள்.

அந்தத் தொழிற்சாலையில் ஊசி மருந்து தயாரித்தார்கள். உயிருள்ள செல்களை வளர்த்து எடுக்கிற மருந்து, கொதிக்கவைத்துக் கிருமியைக் கொல்ல முடியாது. ஆகவே அதைக் குப்பியில் நிரப்புகிற அறைக்குள் தூசியோ முடியோ தோல் துகளோ போகவே கூடாது. இதெல்லாம் எங்கிருந்து உதிர்கிறது? நம்மிடமிருந்துதான். இந்த அறைக்குள் வருகிற ஆகப் பெரிய அழுக்கு மனிதன்தான் என்று பயிற்சியின் முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். அதனால் உள்ளே வேலை செய்ய ஒரு சான்றிதழ் வேண்டும். உடைகளை அவற்றின் வெளிப்பக்கம் தொடாமல் வரிசைப்படி அணிந்து காட்ட வேண்டும், மருந்துக்குப் பதிலாக ஒரு சத்துக் கரைசலை வைத்து ஒரு மணி நேரம் வேலை செய்து காட்ட வேண்டும், கடைசியில் பத்து விரல் நுனிகளையும் கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டுகளில் பதிக்க வேண்டும். தட்டில் ஏதாவது வளர்ந்தால் போச்சு.

எட்டு வருடமாக அவள் குப்பி கழுவும் பகுதியில் இருந்தாள். குப்பியை அங்கே ஆங்கிலத்தில் ‘வயல்’ என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் “இன்னிக்கு வயல்ல நல்ல வேலை” என்று வீட்டில் சொல்லிவிட்டாள், “நாத்து நட்டாச்சா?” என்று கேட்ட கணவன் இன்றுவரை அதை விடவில்லை. அடுத்த மாதம் முதல் குப்பி கழுவ எந்திரம் வருகிறது. நிரப்பும் அறைக்குப் போகிறவர்களுக்கு வேலை உண்டு, மற்றவர்கள் கிளம்ப வேண்டியதுதான். மூன்று வாய்ப்பு. முதல் முறை மூக்கு அரித்தது, கை தானாகப் போய்விட்டது. இரண்டாவது முறை இடது கட்டைவிரல் தட்டில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அவளுடைய பகுதியில் அவளுக்கு வைத்த பெயரே ‘அவசரம்’. இது மூன்றாவது.

ஒரு மாதமாக வீட்டில் மழைக்கோட்டைப் போட்டுப் போட்டுப் பழகியிருந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள்தான் தேர்வாளர். கையில் அடிஸ்கேலுடன் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, “அம்மா, முழங்கை சோஃபால பட்டுடுச்சு. மறுபடியும் முதல்லேர்ந்து” என்று உயிரை வாங்கினாள். கணவன் எட்டிப் பார்த்து, “வெளியில வெயில் கொளுத்துது, உள்ள மட்டும் மழையா?” என்பான். அம்மாவும் மகளும் தரையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். தோற்றுவிட்டுப் போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே வலது கையுறையையும் போட்டாள். அதுவும் சூடாகத்தான் இருந்தது.

தலையுறையின் உறையைப் பிரித்தபோது, அந்த அறையில் என்றைக்கும் இருக்கிற ஆல்கஹால் வாசனைக்கும் புதுப் பிளாஸ்டிக் வாசனைக்கும் அடியில், தூங்கி எழுந்தவர் வாயருகே வருகிற மாதிரி ஒரு புளித்த வெப்பம் வந்து அவள் மூக்கில் பட்டுவிட்டுப் போனது. உட்துணி இலேசாக ஈரமாக இருந்ததா, இல்லை அவள் விரல்கள்தான் வியர்த்ததா, கையுறை வழியாகத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பேனா காத்திருந்தது. தலையுறையை மாட்டி, முகமூடியைக் கட்டி, மூக்கின்மேல் கம்பியை அழுத்தினாள். காதுகள் துணிக்குள் போனதும் உலகம் சற்றுத் தள்ளிப்போயிற்று. கூரையிலிருந்து இறங்கும் காற்றின் ஒரே சீரான இரைச்சலும், தன் மூச்சும் மட்டும் கேட்டன.

மூச்சை விட்டாள்.

விட்டு முடித்த பிறகு இன்னொரு மூச்சு வெளியேறியது.

பயந்த பிள்ளைக்குச் சமாதானம் சொல்வதுபோல அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: இது துணிக்குள் காற்று திரும்புகிற சத்தம், போன முறையும் கேட்டிருக்கும், நீதான் கவனிக்கவில்லை. சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மூச்சை அடக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் உதட்டுக்கு முன்னால் முகமூடி மெல்ல உப்பியது. பிறகு ஒட்டியது. உப்பியது.

“முழு உடை எடுங்க” என்றார் தேர்வாளர். “பதட்டப்படாதீங்கம்மா. நேரம் இருக்கு.”

முழு உடை என்பது கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாக வரும் வெள்ளைத் துணி. எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான். ஒற்றைக் காலில் நின்று, உட்பக்கத்தை மட்டும் பிடித்து, கால் உள்ளே போகும்போது துணி தரையில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அவள் பத்துக்கு ஆறு முறை தடுமாறுவாள். இன்றைக்கு வலது கால் எழுந்தது, நுழைந்தது, இறங்கியது. இடது கால் எழுந்தது, நுழைந்தது, இறங்கியது. அவள் எதுவும் செய்யவில்லை. இரண்டாவது காலைத் தூக்க வேண்டும் என்று அவள் நினைப்பதற்குள் அது தரைக்கே வந்துவிட்டது.

ஒலிபெருக்கியில் சின்னச் சிரிப்பு. “அட! வீட்ல நல்லா பழகியிருக்கீங்க போல.”

அந்தப் பாராட்டு அவளுக்கு இனித்தது, அதை மறைத்து என்ன பயன்? முகமூடி தானாக உப்பிக்கொண்டிருக்கும்போதே இனித்தது. கைகள் ஜிப்பை இழுத்தன, கழுத்துப் பட்டையை மூடின, கண்ணாடியை மாட்டின, மேல் கையுறையை அணிந்தன. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு பிசகு இல்லை. மூக்கு அரிக்கவில்லை. அவளுக்கு எப்போதும் அரிக்கும். தூக்கத்தில்கூடச் சொறிந்துகொள்வாள் என்று கணவன் சொல்வான்.

எதுவோ உதவி செய்கிறது. சரி, செய்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். ஒரு மணி நேரம்தானே. கையெழுத்து ஆனதும் உடையைக் கழற்றிக் கூடையில் வீசிவிட்டு, வெளியே ஓடி, அழுதுகொள்ளலாம்.

நிரப்பும் அறையின் கதவு திறந்தது. அவள் கதவைத் தள்ளவில்லை; அவள் முழங்கை தள்ளியது.

காலை பதினொரு மணி. வெளியே தேநீர் இடைவேளைக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலும் கிடையாது, இரவும் கிடையாது; எந்நேரமும் ஒரே வெள்ளை வெளிச்சம், மூலைகள்கூட வளைவாக இருப்பதால் நிழல் தங்குவதற்கும் இடமில்லை. நடுவில் குப்பிகள் வரிசையாக ஊர்ந்துவரும் பாதை, அவற்றின் மெல்லிய கிணிகிணி, மேலே காற்றின் இரைச்சல், சுவரில் தூசி எண்ணும் கருவி. நிமிடத்துக்கு ஒருமுறை அது ஒரு எண்ணைக் காட்டும். ஆள் நுழைந்தால் எண் ஏறும், எவ்வளவு மூடிக்கொண்டு போனாலும் ஏறும். யாருமே உதிராமல் இருக்க முடியாது. ஏறுவது வரம்புக்குள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

கருவி கூவியது. பூஜ்ஜியம்.

ஆளில்லாத அறைக்குத்தான் அந்த எண் வரும்.

“என்னங்க இது!” தேர்வாளர் கண்ணாடியில் மூக்கு படுமளவுக்கு நெருங்கி வந்தார். “சைபரா? பதினஞ்சு வருஷமா நிக்கிறேன், ஆள் உள்ள இருக்கும்போது நான் சைபர் பாத்ததே இல்ல.”

அவர் குரலில் சந்தோஷம். வெறும் சந்தோஷம். அவள் உள்ளுக்குள் மன்றாடினாள். சார், நல்லா பாருங்க சார், உள்ள ஆள் இல்லன்னு அது சொல்லுது சார். இந்தத் தொழிலில் பூஜ்ஜியத்தைக் கண்டு யாரும் பயப்படமாட்டார்கள். பூஜ்ஜியத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

பாதையில் ஒரு குப்பி சாய்ந்தது. தேர்வுக்காகவே சாய்ப்பார்கள். கை இடுக்கியை எடுத்தது. திறந்த குப்பிகளின் மேலாகப் போகாமல், பக்கவாட்டில், தண்ணீருக்குள் அசைவதுபோல மெதுவாகப் போய்க் குப்பியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி எடுத்துக் கழிவுத் தட்டில் வைத்தது. அவள் அதை வேடிக்கை பார்த்தாள். தன் கையையே, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கருவி மறுபடியும் கூவியது. பூஜ்ஜியம்.

அப்போது பயம் முழுசாக வந்தது. இதுவரை வந்ததெல்லாம் அதன் வாசனைதான். வயிறு இறுகியது, அல்லது இறுக வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள். வயிறு இருந்த இடத்திலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. வேலை போகட்டும். எந்திரம் வரட்டும். மகள் திட்டட்டும், ஸ்கேலால் அடிக்கட்டும்.

தோற்றுப்போக வேண்டும். இப்போதே.

இரண்டு வருடமாகத் தேறவேண்டும் தேறவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள், தன் பலத்தையெல்லாம் திரட்டி மூக்கைச் சொறிய முயன்றாள். ஒரு தொடல் போதும். பூதக்கண்ணாடி பார்த்துவிடுவார், நிறுத்துங்க என்பார், கதவு திறக்கும், தேநீர் வரும். கையை எழு என்றாள். எழவில்லை. இடுப்புக்கு மேலே, மார்புக்குக் கீழே, விதிப்படி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இரண்டு கைகளும் கோத்தபடி நின்றன.

கத்து என்றாள். வாய் மூடியிருந்தது.

விழு. கால்கள் நின்றன.

கண்ணைச் சிமிட்டு. அதுவும் முடியவில்லை. கண்கள் ஏற்கெனவே, அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிதானத்தில், சிமிட்டிக்கொண்டிருந்தன.

“முடிச்சுட்டேன் சார்” என்றது அவள் குரல்.

அவள் குரலேதான். வழக்கமாக அவள் வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு அடுத்த வார்த்தைக்கு ஓடுவாள். இது ஒவ்வொரு எழுத்தையும் முழுதாகச் சொன்னது.

தட்டுகள். இடது கை ஐந்து விரல். வலது கை ஐந்து விரல். கூழ் கிழியாமல், அளவான அழுத்தம். தட்டின் மூடியைப் போட்டது. அதன்மேல் எழுதியது. கையெழுத்து அழகாக இருந்தது.

கழற்றும் அறை சின்னது. ஒரு எஃகு பெஞ்சு, காலால் மிதித்தால் மூடி திறக்கும் ஒரு பெரிய கூடை, ஒரு கண்ணாடிக் கதவு. தேர்வாளர் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இதுவும் தேர்வில் சேர்த்திதான். அணிவதைவிடக் கழற்றுவதில்தான் தவறுகள் அதிகம், வேலை முடிந்த அலட்சியத்தில். வெளிப்பக்கத்தை உள்ளே சுருட்டி, உட்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும்.

இங்கே விட்டுவிடும் என்று அவள் நம்பினாள். இது உடைக்குள்தானே வந்தது. உடையோடு போய்விடும். போய்விடும், போய்விடும் என்று உள்ளுக்குள் அரற்றினாள்.

“மேல் கையுறை” என்று படித்தார். டிக் போட்டார்.

“கண்ணாடி.” டிக்.

“முழு உடை.”

தோள் இறங்கியது. கை வெளியே வந்தது. இடுப்பு, கால். சுருட்டிக் கூடையில்.

“முகமூடி, தலையுறை. ம். அழகு. கடைசியா உள் கையுறை.”

ஒன்று. இன்னொன்று. உள்ளங்கைகள் காற்றில் பட்டன. அவளுக்குக் குளிர் தெரியவில்லை.

“அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது. தட்டு வர அஞ்சு நாள் ஆகும். ஆனா இந்த சைபருக்கு அப்புறம் தட்டெல்லாம் பேருக்குத்தான். நான் இப்பவே எழுதி வெச்சுடறேன்.” சிரித்துக்கொண்டே தன் பக்கத்து மேசையின்மேல் அட்டையை வைத்துக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

கைகள் நிற்கவில்லை.

வலது கை காதுக்குப் பின்னால் போயிற்று. நகம் எதையோ தேடியது. ஒட்டு நாடாவின் நுனியைத் தேடுகிறவர்கள் தடவித் தடவிப் பார்ப்பார்களே, அப்படி. மேலே. கீழே. கொஞ்சம் பொறுமையாக மறுபடியும் மேலே.

நுனி கிடைத்தது.

வலிக்கவில்லை. வலித்திருக்கலாம்.

கட்டைவிரல் அடியில் நுழைந்தது. உட்பக்கத்தை மட்டும் பிடித்தது. தூக்கியது.

உடைக்குள் ஏதோ வந்துவிட்டது என்று இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாளே. அவளே உடை.

“பொண்ணு ஏழாவதுதானே படிக்குது?” குனிந்த தலை நிமிரவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது. “சார் பாருங்க சார், எம்பொண்ணுதான் வீட்ல எக்ஸாமினர்னு அன்னிக்கு சொன்னீங்களே. சொல்லுங்க அதுகிட்ட. குதிக்கப் போகுது.”

நெற்றி வந்தது. மூக்கு. தாடை. அவசரமே இல்லை. தோள் இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். முழு உடைக்கு அடியில் அவள் போட்டிருந்த நீல உடையும் அவளோடு சேர்ந்தே வந்தது. அடியில் இன்னொரு நீல உடை இருந்தது, கசங்காமல். இடுப்பு. வலது கால். இடது கால். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரு துகள் பறக்கவில்லை. சுருட்டி, சின்னதாக்கி, கை நீட்டியது.

கூடையின் மூடி திறந்தது. அவள் விழுந்தாள். வெள்ளைத் துணிகளின்மேல், சத்தமில்லாமல்.

மடிப்புகளுக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அதில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அதே உயரம், அதே முகம்; மச்சமில்லாத, சுருக்கமில்லாத, இதுவரை யாருமே தொடாத முகம். தேர்வாளர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். பூதக்கண்ணாடி. ஒரு முடி தப்பாதவர்.

“வாங்க வாங்க” என்று கதவைத் திறந்துவிட்டார். “ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்?”

“நாலு மணிக்கு சார். நானே போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்.”

கால் மிதியிலிருந்து எடுபட்டது. மூடி இறங்கத் தொடங்கியது. கூடைக்குள் அவள் கத்தினாள், கத்த முயன்றாள், மகளின் பெயரைச் சொல்ல முயன்றாள். வாய் எங்கோ அடியில், ஒரு மடிப்புக்குள் சுருண்டு கிடந்தது.